கினுயோவின் முதுகுக் கெண்டை

ஒசாகாவில் குச்சியில் கோத்த இறைச்சியைப் பொரித்து விற்கும் கினுயோவின் முதுகில் ஒரு கெண்டை மீன் அருவியேறிக்கொண்டிருக்கும். சுற்றிலும் சிவந்த மேப்பிள் இலைகள். அருவியின் உச்சியைத் தொட்ட கெண்டை டிராகனாகிவிடும் என்பது ஊர்க்கதை. அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"மீன் மீனாவே இருக்கட்டும். தண்ணிய எதுத்து ஏறுது பாரு, அது போதும்" என்பாள். அடிக்கிற புருஷனை விட்டு வெளியேறிச் சொந்தக் கடை போட்ட இலையுதிர் காலத்தில் குத்திக்கொண்ட பச்சை அது. இலைகள் அந்தப் பருவத்தின் அடையாளம்.

வீட்டில் குளியலறை கிடையாது. நாளெல்லாம் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்பவளுக்குத் தெருமுனைப் பொதுக் குளியலகத்தில் பெண்கள் துணியில்லாமல் சேர்ந்து ஊறும் வெந்நீர்த் தொட்டிதான் ஒரே சுகம். அந்தக் குளியலகத்தைப் புதிதாக எடுத்து நடத்தும் தொகிகோ வாசலில் அறிவிப்பு ஒட்டினாள்: பச்சை குத்தியவர்கள் அதை மூடிக்கொண்டுதான் வர வேண்டும்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. பச்சையப் பாத்தா ரவுடிக் கும்பல்னு புதுசா வர்றவங்க பயப்படுவாங்க."

"நான் எந்தக் கும்பல்? வெங்காயம் உரிக்கிற கும்பலா?"

"மூடிட்டு வாங்க, அவ்வளவுதான்."

கினுயோவுக்கு நெஞ்சு எரிந்தது. லஞ்சம் வாங்குகிறவனின் முதுகு சுத்தமாகத்தான் இருக்கிறது. அவனை எந்த வாசலிலும் நிறுத்துவதில்லை. உழைத்துத் தின்கிறவள் ஒரு மீனையும் நாலு இலையையும் சுமந்தால்தான் ஊருக்கு நடுக்கம். சண்டை போட்டால் குளியல் போய்விடும். சொன்னதை அப்படியே செய்வது என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பெரிய துண்டை முதுகில் போர்த்தி முடிச்சிட்டு, தொட்டிக்குள் இறங்கினாள். உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் விருட்டென்று எழுந்தார்கள். தொட்டித் தண்ணீரில் துண்டு படுவதென்றால் அங்கே செருப்போடு இறங்குவது மாதிரி.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? துண்ட எடுடி" என்றாள் காய்கறிக்கடை மத்சுயே.

"மூடச் சொல்லி ஓனரம்மா உத்தரவு."

"உன் கெண்டையப் பாத்துக்கிட்டேதான் இத்தன வருஷமா குளிக்கிறோம். யாரையாவது கடிச்சிதா அது?"

சத்தம் கேட்டுத் தொகிகோ ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, துண்டு தண்ணியில படக்கூடாது. அது விதி."

"மூடணும்கிறதும் விதிதானே? எத மீறட்டும், நீயே சொல்லு."

"சீக்கிரம் சொல்லும்மா, குளிருது" என்றாள் மத்சுயே.

தொட்டி அழுக்கு என்று பேர் வந்தால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எழுந்து நிற்கும் பெண்களைத் தொகிகோ பார்த்தாள். ஊறிக் கனத்த துண்டையும் பார்த்தாள்.

"துண்ட எடுத்துடுங்க."

"அறிவிப்பு?"

"கிழிச்சிடறேங்கா."

கினுயோ துண்டை வெளியே பிழிந்து, மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்தாள்.

"தள்ளி உக்காரு" என்றாள் மத்சுயே. "உன் மீனுக்கு மட்டுமா தொட்டி?"