செங்கத்துக்குப் போக வேண்டிய வண்டி

மாலை நாலே முக்காலுக்கு அப்பா சாமான் அறையின் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டார். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. எதிரே மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அந்த நிமிடம்தான், மலைமேல் தீபம் ஏற்ற இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, பக்தர்கள் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும் என்று அறிவித்தது. அப்பா என்னைக் கையில் பிடித்துத்தான் உள்ளே அழைத்துப் போனார்.

போன மாதம் என் மகன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தான். கார்புரேட்டரைத் தானே கழற்றிச் சுத்தம் செய்யப் போவதாகச் சொன்னான். தெருவில் வைத்துச் செய் என்றேன். வெயிலடிக்கிறது, கார் நிறுத்தும் இடத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்கிறேன் என்றான். தெருவில் என்றால் தெருவில்தான் என்று நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னாலும் பாதிதான் சொல்லியிருக்க முடியும். மறுபாதி என்னிடமே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் நான்காம் வகுப்பு. அப்பா திருவண்ணாமலையில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் நாட்டிலிருந்து தரைவழியாகவே ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை, இனி தனக்கு எந்த வாகனமும் வேண்டாம் என்று தோன்றிய நாளில் அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். “அந்தாளுக்கு ஞானம் வந்துச்சு, நமக்கு வண்டி வந்துச்சு” என்று அம்மா சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், முதலில்.

இரண்டு சிலிண்டர் வண்டி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே அனுப்ப ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவில் கலந்தால்தான் வண்டி இழுக்கும். எங்கள் வண்டியில் ஒன்று வேலை செய்தால் மற்றொன்று தூங்கிவிடும். தேரடி வரை போகும், திரும்பி வரத் தள்ள வேண்டும். தெருப் பையன்கள் வாத்தியாருக்குப் பின்னால் ஓடி வந்து தள்ளுவார்கள். பரீட்சையில் அது அவர்களுக்கு உதவியதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்று காலை வீட்டில் பெரிய சண்டை. எதற்கென்று எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது. வண்டியில்தான் ஆரம்பித்தது. ஆனால் வண்டியைப் பற்றிய சண்டையில் யாரும் அப்படி அழ மாட்டார்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு செங்கத்திலிருந்த தன் அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை விட்டுவிட்டாள். வாசலைத் தாண்டிய பிறகு திரும்பி ஒன்று சொன்னாள்.

“இந்த வண்டி என்னிக்கு ஓடி எங்கப்பா வீட்டு வாசல்ல வந்து நிக்குதோ, அன்னிக்கு ஏறி உக்காந்துக்கினு வரேன்.”

ஒருநாளும் வர மாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்பா அதை வினாத்தாளில் வந்த கேள்வியைப் போல எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடினால் அம்மா வருவாள். எனக்கு அது மிக எளிமையான கணக்காக இருந்தது.

அந்த நாட்களில் அப்பா அதிகம் பேசவில்லை. சவரம் செய்துகொள்ளவில்லை. குழம்பு வைத்துவிட்டு உப்புப் போட மறந்தார், அதைச் சாப்பிடவும் மறந்தார். இதையெல்லாம் பிற்பாடு பெரியவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டதால்தான் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது. கேட்டிருக்காவிட்டால் உப்பில்லாத குழம்பை நான் மறந்திருப்பேன்.

தீபத்தன்று காலையிலிருந்தே கார்புரேட்டர்களைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி நிற்கும் சாமான் அறையில் தினத்தாளை விரித்து, இடது கார்புரேட்டரின் பாகங்களை இடப்பக்கமும் வலதின் பாகங்களை வலப்பக்கமும் பரப்பினார். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு கயிறு. அலுமினியத் தட்டில் பெட்ரோல் ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வெல்லப்பாகு மாதிரி ஒரு கசடு உறைந்திருந்தது. பெட்ரோல் பாய்ந்து வரும் ஜெட் என்ற சின்னஞ்சிறு பித்தளைத் துண்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஊசிமுனை அளவு துளை. அதன் வழியே வானம் தெரிந்தது. “இந்த ஓட்ட அடச்சிக்கினுதான் இத்தன நாளு ஆட்டம் காட்டிச்சு” என்றார். கொடியேற்றத்துக்குப் பிறகு அவர் குரலில் உயிர் வந்தது அப்போதுதான். இதையும் என்னைக் கேட்டவர்களிடம் சொன்னேன். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அடுத்த வேலை இரண்டையும் சமமாக்குவது. அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்து, அது காற்றை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டுவிட்டு மறுபக்கம் கேட்க வேண்டும். எது ஜாஸ்தி, எது கம்மி என்று பார்த்துத் திருகாணியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். “ரெண்டு மூச்சும் ஒண்ணா இருக்கணும் பாப்பா” என்றார்.

ஆனால் எதிரே ஒலிபெருக்கி. பக்திப் பாட்டு, இடையிடையே காணாமல் போன குழந்தைகளின் பெயர்கள், மறுபடி பாட்டு. தெருவில் ஆயிரக்கணக்கான வாய்கள். குழாயில் எதுவும் கேட்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் முயன்றார். பிறகு வண்டியை அணைத்தார். ஜன்னலில் நெல் கோணிகளைத் திணித்தார். கதவின் கீழ்ச்சந்தில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தார். விளக்கைப் போட்டார். அவர் இரண்டு கையும் குழாயிலும் திருகாணியிலும் இருக்கும், ஆக்ஸிலேட்டரை அசையாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் என்னைக் கூப்பிட்டார். கூட்டத்தில் யாரும் தெரியாமல் கதவைத் தள்ளிவிடக் கூடாது என்று தாழைப் போட்டார். அப்படித்தான் சொன்னார்.

வண்டியை மறுபடி கிளப்பினார். நான் பிடித்தேன். கொஞ்சமும் அசையக் கூடாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை வலித்தது. சொன்னேன். “எனக்குந்தான் வலிக்குது. ஒரு நிமிசம்டி, வந்துக்கினே இருக்கு” என்றார். வாந்தி வருகிறது என்றேன். அதற்கு அவர் ஏதோ சொன்னார். அது சொல்லாக இல்லை. என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போலிருந்தன. உட்கார்ந்துவிட்டேன். யாரும் பிடிக்காமலேயே வண்டி சீராக ஓடியது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா எழுந்தார், கதவுப் பக்கம் திரும்பினார். கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மலையில் தீபம் தெரிந்தால் எங்கள் ஊரில் ஒரு வாசல்கூட இருட்டாக இருக்கக் கூடாது. எதிர்வீட்டு அத்தை தன் வாசலில் அகல்களை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது எங்கள் வாசல் மட்டும் இருண்டு கிடந்திருக்கிறது. வீட்டுக்காரி இல்லாத வீடு, நாமாவது ஒரு விளக்கு வைப்போம் என்று எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வண்டி ஓடும் சத்தம், கதவுக்கு வெளியே புகை நாற்றம், கூப்பிட்டால் பதிலில்லை. அவர் போட்ட கூச்சலில் அவருடைய வீட்டுக்காரர், நாங்கள் லாரி மாமா என்று கூப்பிடுபவர், கடப்பாறையோடு ஓடி வந்தார். “மொதல்ல அந்த வெளக்க அந்தாண்ட வையேண்டி, பெட்ரோலு!” என்று அவர் கத்தியதைப் பிற்பாடு தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்த நாளில் சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

கதவு எளிதில் தள்ள வரவில்லை. அப்பா அதன் குறுக்கே கிடந்தார். நான் அவர் கையடியில் கிடந்தேன்.

எதிர்வீட்டு அத்தை எல்லோரிடமும் சொன்னார்: “பாவம், தெறக்க வந்து அங்கியே விழுந்துட்டாரு.” கூட இருந்த வேறொருவர் சொன்னார்: “கதவ அடச்சிக்கினு படுத்துக் கெடந்தாருப்பா.” இருவரும் பார்த்தது ஒரே உடம்பைத்தான். தாழ் கடப்பாறையில் பிய்ந்துவிட்டதால் அது பாதி திறந்திருந்ததா, முழுதாகப் போட்டிருந்ததா என்று சொல்ல வழியில்லை. கீழ்ச்சந்தில் இருந்த போர்வை அங்கேயே இருந்ததா, யாராவது இழுத்திருந்தார்களா என்று அந்த நேரத்தில் பார்க்க யாருக்குத் தோன்றும்? வண்டியைப் பற்றி மட்டும் லாரி மாமா உறுதியாகச் சொன்னார். இரண்டு சிலிண்டரும் ஒன்றாக, அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்ததாம்.

கிரிவலக் கூட்டத்தில் எந்த வண்டியும் போக முடியாது. கடலை விற்கிற தள்ளுவண்டியில் அப்பாவைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளினார்கள். என்னை லாரி மாமா தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிர்த்திசையில் கூடவே நடந்தார். விரதமிருந்து மயங்கியவர்கள் என்று நினைத்து யாரோ என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். யாரோ தள்ளுவண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

எனக்கு அன்றிரவே நினைவு வந்துவிட்டது. அப்பாவுக்கு விடியும்போது கண் திறந்தது. ஆனால் முந்தைய நாள் அவரிடம் இல்லை. காலையில் பல் விளக்கியது வரைக்கும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் ஏட்டு வந்தார். கெட்டவரில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுக்காரி ஏன் ஊரில் இல்லை? ஜன்னலில் ஏன் கோணி? பெண்பிள்ளையை ஏன் உள்ளே வைத்துத் தாழ் போட வேண்டும்? அப்பா ஒவ்வொன்றுக்கும் “தெரியலைங்க” என்றார். கடைசியில் ஏட்டு, பக்கத்தில் நின்றிருந்த தலைமையாசிரியரைப் பார்த்து, “சயின்ஸ் வாத்தியாருங்க. மூடின ரூம்ல வண்டி ஓட்டினா என்னா ஆவும்னு எங்களுக்கே தெரியுது. இவருக்குத் தெரியாதா சார்?” என்றார். அந்தப் பாடத்தை அப்பா அந்த வருடம்தான் பத்தாம் வகுப்புக்கு நடத்தியிருந்தார்.

தற்கொலை முயற்சி என்று எழுதினால் வழக்கு. என்னையும் சேர்த்து எழுதினால் அதைவிடப் பெரிய வழக்கு. வேலையும் போகும். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா உடம்பு சரியாகி எழுந்துவிட்டால், வண்டிதான் ஓடுகிறதே, நேரே செங்கம் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். ஓய்வு பெற்றார், பேரனைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் இருக்கவில்லை. குளியலறைக்கும் வெறும் கொக்கிதான். தம்பியையோ என்னையோ அப்பாவோடு தனியாக விட்டு அம்மா கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. எனக்குத் திருமணம் ஆன பிறகு ஒருமுறை துணிந்து அப்பாவிடமே கேட்டேன். “எனக்கே தெரியலியேம்மா. நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன்” என்றார். ஆக்ஸிலேட்டர் பிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார் என்று நான் சொன்னேன். அதைப் பரீட்சை முடிவைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார். நான் என் மகனின் அறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் அந்த முகம் வருகிறது.

அதெல்லாம் பின்னால். அன்று காலை ஏட்டு எழுதத் தொடங்கும்போது அம்மா வந்தாள். லாரி மாமா செங்கம் போய்ச் சொல்லியிருக்கிறார். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். கால் முழுக்கச் சேறு. அப்பாவைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. என்னைப் பார்த்தாள். கையை, முகத்தை, கண்ணை என்று தடவிப் பார்த்தாள்.

“வூட்ல ஏதாவது சண்டையாம்மா?” என்றார் ஏட்டு.

“சண்டையா? எங்களுக்குள்ள இன்னாங்க சண்டை” என்றாள் அம்மா. “எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல, பாத்துட்டு வரப் போனேன். இவுரே வந்து கூட்டிக்கினு வரேன்னாரு. வண்டி மேல பைத்தியம் புடிச்ச மனுசன். பாடம் நடத்துற புத்தி வேற, வண்டிகிட்ட உக்காந்துட்டா வர்ற புத்தி வேற. ஊர்ல யாரை வேணா கேளுங்க.”

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. வலித்தது. ஏட்டு எழுதிக்கொண்டு போனார்.

பிறகு முகம் கழுவ என்னைத் தாழ்வாரத்துக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“உங்கப்பா கதவத் தெறக்கத்தான் எழுந்து வந்தாரு. யார் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும். என்னா?”

சரி என்று தலையாட்டினேன். நடந்ததே அதுதானே, அதைச் சொல்ல எனக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும், சொல்லும்போது அம்மா ஏன் இப்படி நடுங்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.