சனிக்கிழமைக்கான அனுமதி

2003ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், ஒரு வியாழக்கிழமைக் காலைத் தபாலில், கவுன்சிலின் பதில் வந்தது. உறையைக் கிழித்து வாசித்துவிட்டு, நம்பிக்கை வராமல் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் நாங்கள் பழைய போத்தல்களைத் தேடித் தோண்டலாமாம். மறுப்புக்கு என்னென்ன பதில் எழுதுவது என்று மட்டும்தான் யோசித்து வைத்திருந்தேன். ஒப்புதலுக்கு என்ன செய்வதென்று யோசித்திருக்கவில்லை.

ஆசை எனக்குரியதல்ல, அடுத்த வீட்டுக்காரருடையது. ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநரான அந்த ஆங்கிலேயரின் பூட்டனார் ஒரு காலத்தில் இல்ஃபோர்டில் சோடா செய்து விற்றவர். கண்ணாடியிலேயே குடும்பப் பெயர் புடைத்து நிற்க, கழுத்துக்குள் கோலிக்குண்டு உருளும் போத்தல்கள். குடும்பத்தில் மிஞ்சியது ஓர் உடைந்த துண்டுதான். அதில் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் இருந்தன. அதை அவர் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு தட்டில் வைத்திருந்தார். முழுப் போத்தல் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் புதர்க்காடு அவருடைய பூட்டனார் காலத்தில் ஊர்க் குப்பை கொட்டிய இடம். திங்கட்கிழமை அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட இயந்திரங்கள் வரவிருந்தன.

அவர் தனியாகக் கேட்டபோதெல்லாம் கவுன்சில் மறுத்தது. ஒருமுறை மண்ணில் நஞ்சு இருக்கலாம் என்றார்கள், இன்னொருமுறை யாராவது விழுந்து காலை முறித்தால் யார் பொறுப்பு என்றார்கள். நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அந்தக் கேள்விக்கு விடை காப்புறுதிப் பத்திரம்தான் என்று எனக்குத் தெரியும். நூலகத்தில் கிடைத்த பழைய வரைபடங்களின் பிரதிகளையும் அந்தப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பினேன். அனுமதி சனி, ஞாயிறு இரண்டு நாட்களுக்கு. அந்த நாட்களில் கிடைப்பவை எங்களுக்கு, மற்றபடி மண்ணுக்குள் இருப்பதெல்லாம் கவுன்சிலின் சொத்து.

வேலிக்கு மேலால் செய்தியைச் சொன்னேன். அவர் உள்ளே போய், மண்வெட்டியை எடுத்து வந்து, அதன் விளிம்பை அரத்தால் ராவத் தொடங்கினார்.

என் மனைவிதான் முகத்தைச் சுளித்தாள்.

"சனிக்கிழமையோ?"

"கவுன்சில் தந்த நாள்."

"அவையளுக்குச் சனியும் ஒண்டு, வெள்ளியும் ஒண்டு. மண்ணில கை வைக்கிற வேலையை ஆரும் சனிக்கிழமை தொடங்குவினமே?"

"வீடே கட்டுறம்? குப்பை கிண்டுறதப்பா."

"குப்பைக்குக் கீழ இருக்கிறதும் பூமாதேவிதானே. கவுன்சிலுக்கு எத்தினை கடிதம் எழுதினனீங்கள்? அவவிட்டக் கேக்க ஒரு தேங்காய் உடைக்க ஏலாதோ?"

சமையலறைச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரை அவள் புரட்டினாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல நேரம் இருந்தது. இங்கே கோடைகாலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டேன்.

"லண்டன் கோயில் அடிச்சது. எல்லாம் சேர்த்துத்தான் இருக்கு. நீங்கள் உங்கட போத்தலைப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு புறப்பட்டாள். நானும் போனேன். பூந்தொட்டிக்கு மண் கிளறும் சிறு கரண்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, நவதானியமும் ஒரு நாணயமும் போட்டு, பாலை ஊற்றி, மண்ணை மூடினாள். தேங்காயை அங்கிருந்த கல்லில் உடைத்தாள். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவிக் குழிக்கு இரு பக்கமும் வைத்தாள். கற்பூரம் எரிந்து அணைந்தது. ரயில் ஒன்று எங்களைக் கடந்து போனது. சாமிக்குப் படைத்ததை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தோம்.

சனிக்கிழமை காலை மூவரும் நடந்து போனோம். அவரிடம் மண்வெட்டியும் மண் சலிக்கும் அரிதட்டும். மனைவியின் பையில் சுடுநீர்ப் போத்தலும், முதல் நாளிரவு பொரித்த ரோல்ஸும். திருப்பத்தில் நீல வெள்ளை நாடா காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நிலத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உள்ளே பொலிஸ்காரர்கள். அனுமதியில் கையொப்பமிட்ட கவுன்சில் பெண்மணி, விடுமுறை நாள் உடையில், தலை சீவாமல் நின்றார்.

நாங்கள் வருவதற்குள் யாரோ ஒருவர் அங்கே கொல்லப்பட்டிருக்கிறார் என்றே நினைத்தேன்.

மூத்த பொலிஸ்காரர் எங்களிடம் வந்து, தாழ்ந்த குரலில் விளக்கினார். நேற்று மாலை நாயோடு வந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். புதிதாக மூடிய குழி. பக்கத்தில் சிவப்பு வழியும் ஏதோ. புல்லுக்குள் மயிர் ஒட்டிய மண்டையோடு போல ஒன்று. "ஒரு குழந்தையைப் புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் தோண்டினோம்" என்றார்.

எலுமிச்சம்பழமும் தேங்காய் முடியும்தான் அவை என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பின் அதிர்ச்சி இன்னும் கூடியது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனிதர்கள் கைவிளக்கோடு ஒரு பிள்ளையின் உடலைத் தேடியிருக்கிறார்கள். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது எங்கள் பூசை. நிலத்தைத் தோண்டும் முன் செய்வது" என்றேன்.

பொலிஸ்காரர் நீளமாக மூச்சு விட்டார். கவுன்சில் பெண்மணி விடவில்லை. "உங்கள் அனுமதி இன்று காலையிலிருந்துதான். நேற்றே தோண்டியிருக்கிறீர்கள்."

"ஒரு சாண் மட்டும்."

"இரவு என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பினார்கள். மன்னியுங்கள், அனுமதி ரத்து."

காப்புறுதிப் பத்திரங்களில் ஒரு தேதியைக்கூட மாறி எழுதாத நான், கடிதத்தை எடுத்து அதிலிருந்த தேதியை மறுபடி பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பார்த்தபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை. நாடாவுக்கு அப்பால், இடுப்பளவு ஆழமாகி விட்டிருந்த குழியின் அருகில், பொலிஸ்காரர்கள் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் தேங்காய் முடிகள், எலுமிச்சைப் பாதிகள், நாணயம், கொஞ்சம் உழுந்து. கடைசியாக, சேறு அப்பிய ஒரு போத்தல். கழுத்து நெரித்தாற்போல ஒடுங்கியிருந்தது. சேறு உதிர்ந்த இடத்தில் எழுத்துகள் புடைத்து நின்றன. அவருடைய மேசைத் தட்டில் இருக்கும் மூன்று எழுத்துகளும், அவற்றுக்கு முன்னால் மற்றவையும். முழுப் பெயர்.

அவர் நாடாவைப் பிடித்தார். அதைத் தூக்கவுமில்லை, விடவுமில்லை. அனுமதி இல்லாவிட்டால் அது கவுன்சிலின் போத்தல். அந்த நிபந்தனை அவருக்கும் மனப்பாடம்.

"இந்தக் குழியிலிருந்து எடுத்தவை உங்களுடையவைதானே?" என்று பொலிஸ்காரர் விரிப்பைக் காட்டினார்.

போத்தலைத் தவிர என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"யெஸ்" என்றாள் மனைவி. "எல்லாம் எங்களுடையது."

"இந்தப் போத்தலும் பூசைக்கா?"

"அதில்தான் பால் கொண்டு வந்தோம்."

கடையில் மீதிக் காசு கூடுதலாகத் தந்தால் மழையிலும் திரும்பிப் போய்க் கொடுப்பவள் அவள். இருபத்தைந்து ஆண்டுகளில் அவள் வாயிலிருந்து பொய் ஒன்றை நான் கேட்டதில்லை. அந்தப் போத்தலுக்குள் கழுத்து வரை களிமண் இறுகிக் கிடந்தது. அதற்குள் ஒரு வேர்கூட நுழைந்திருந்தது.

கவுன்சில் பெண்மணி குனிந்து அந்த வேரைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். கடைசியில் நாடாவைப் பிடித்திருந்த முதியவரின் கையைப் பார்த்தார்.

"உங்கள் வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். "குழியை நாங்கள் மூடுகிறோம்."

திரும்பி நடந்தோம். அடுத்த வீட்டுக்காரர் போத்தலைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் அடிமேல் அடிவைத்து, எங்களுக்குப் பின்னால் வந்தார்.

"பொய் சொன்னீரே" என்றேன் தமிழில், மெதுவாக.

"நேற்று நான் பூமாதேவியிட்டக் கேட்டனான். அவ தந்தவ" என்றாள். "தந்ததைக் கவுன்சிலிட்ட ஒப்படைக்கோணுமே?" பிறகு நடையை நிறுத்தினாள். "ஆனா அந்தப் பொலிஸ் பொடியள் ராவிரவாப் பிள்ளையெண்டு தேடினவங்கள். அதைத்தான் என்னால தாங்கேலாமக் கிடக்கு."

பின்னேரம் வேலிக்கு அப்பால் தோட்டத்துக் குழாய் நெடுநேரம் ஓடியது. பிறகு நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் ஈரப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, தான் இதுவரை தொட்டேயிராத முன் எழுத்துகள் மீது விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்துக்குள் குண்டு அசைந்து கிணுக்கென்றது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார்.