மொத்தச் செலவில் பதினைந்து சதவீதம்

பள்ளம் மேடு தெரியாமல் சுவருக்குப் பட்டி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயிண்ட் கடைக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். பட்டி மாஸ்டர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவரும் தம்பியுமாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பெயிண்ட் அடிக்கும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்து வந்தார்கள். அளப்பதும் விலை பேசுவதும் அண்ணன். சாரத்தில் ஏறுவதும் ஆட்களைக் கட்டி மேய்ப்பதும் தம்பி. தம்பிக்குப் பிள்ளை இல்லை. மாஸ்டருக்கு ஒரே மகள். அவள் பாதி வளர்ந்தது சித்தப்பாவின் தோளில்தான்.

மகள் படித்து ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் தங்கமானவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் குடும்பம்தான் மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்தது. எல்லோருக்கும் பொதுவாக, வேறொரு நாட்டில் கடலோர ஹோட்டல் ஒன்றில் கல்யாணம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். யார் எங்கிருந்து வந்தாலும் சமதூரம் என்று சொன்னார்கள். அதுவரை விமானமே ஏறாத மாஸ்டரும் தலையாட்டி வைத்தார். ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார். செலவில் பாதி அவருடையது. அதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தார்.

பாதி அவர் பங்கு என்பதால் கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனியின் எஸ்டிமேட் அவருக்கும் ஒரு பிரதி வந்தது. பூ, மேடை, விளக்கு, அறை, சாப்பாடு எல்லாம் அவருக்குப் புரிந்தது. கடைசி வரிதான் தொண்டையில் சிக்கியது. கம்பெனியின் கட்டணம், மொத்தச் செலவில் பதினைந்து சதவீதம். மனைவியிடம் காட்டினார். "அவங்க ஊர் உலகத்துல நடக்கறதைத்தாங்க போட்டிருப்பாங்க, விடுங்க" என்றாள். அவருக்கு விட மனம் வரவில்லை. தினமும் பிறருக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கிற மனுஷன், தனக்கு வந்த எஸ்டிமேட் புரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டாம் மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. சுவரெல்லாம் கடற்கரைப் படங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் ஈரம் ஊறிப் பட்டி உப்பியிருந்தது. அவர் கண் அங்கே போனது, வாய் போகவில்லை. கல்யாணங்களைக் கவனித்துக்கொள்ளும் பெண் ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும், தூக்கம் போதாத கண்கள். ஒவ்வொரு வரியாகப் பொறுமையாகச் சொன்னாள். இடம் பார்ப்பது, ஹோட்டலோடு பேசுவது, விருந்தாளிகளை ஏர்போர்ட்டில் எடுப்பதிலிருந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது வரை எல்லாம் அந்தப் பதினைந்தில் அடக்கம். கம்பெனி ஆட்கள் ஆறு பேர் பறந்து வருவதும் அங்கே தங்குவதும் அடங்காது, அது தனி. அந்த நாட்டில் கல்யாணத்துக்கு அனுமதி வாங்கித் தருகிற கம்பெனி வேறு, அதற்கும் தனி. ஹோட்டல்காரர்கள் உங்களுக்குக் கமிஷன் ஏதாவது தருவார்களா என்று கேட்டார். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான் என்றாள், மறைக்காமல்.

"நான் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சா, அடிச்ச சுவத்துக்குத்தாம்மா கூலி கேப்பேன். வீட்டு விலையில சதவீதம் கேட்டா என்னை உள்ள விடுவாங்களா?"

அவள் உண்மையாகவே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

"பூ விலை ஏறுனா உங்க கூலியும் ஏறும். அப்போ விலையைக் குறைக்கணும்னு யாரும்மா மெனக்கெடுவா?"

"நியாயமான கேள்விதான் சார். மொத்தமா ஒரு தொகைன்னு பேசிக்கறவங்களும் இருக்காங்க. ஆனா ஒப்பந்தம் மாப்பிள்ளை வீட்டோட போட்டது. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

புரியாத ஒன்று புரிந்த திருப்தியில் படி இறங்கினார். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

அந்த வார முடிவில் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"அப்பா, நீங்க அங்க போய்ப் பேரம் பேசினீங்களாமே."

பேரம் இல்லை, விவரம் கேட்டேன் என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றாள் அவள். மாமியார் கோபப்படவில்லையாம், பாவம் என்றாராம். பெண் வீட்டுக்கு இது பாரமாக இருக்கிறது போல, முழுச் செலவையும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மகளின் குரலில் நிம்மதியும் கலந்திருந்ததை மாஸ்டர் கவனித்தார். பாரம் என்று அவர் எங்கே சொன்னார்?

காசு போடாதவருக்கு அதன்பின் பேச்சும் இல்லாமல் போனது. விருந்தாளிகளின் பட்டியல் சுருங்கியது. இரண்டு பக்கமும் பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், மணமக்களின் நண்பர்கள் என்று விதி வைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு அண்ணன் தம்பிகள் மூவர், குடும்பத்தோடு பட்டியலில் வந்தார்கள். மகளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை.

"சித்தப்பா?" என்று கேட்டார்.

"கல்யாணம் முடிஞ்சு வந்ததும் அவருக்குத் தனியா ஒரு விருந்து வெச்சிடலாம்ப்பா."

"அவன் செலவை நான் தர்றேன்."

"ஐயோ, திரும்பவும் காசுப் பேச்சை எடுக்காதீங்கப்பா. எனக்காக." அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவர் விட்டுவிட்டார்.

தம்பியிடம் அதைச் சொல்ல நாலைந்து நாள் ஆனது. வேலை முடிந்து ரோலர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார். தம்பி கழுவுவதை நிறுத்தவில்லை.

"சரிண்ணே. நமக்கும் கைவசம் வேலை கிடக்கு. யாராச்சும் ஒருத்தர் இங்க இருக்கணும்ல" என்றான். ரோலரிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வடிந்து தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

கல்யாணத்துக்குப் போனார்கள். எந்த வாசலில் நுழைவது, எப்போது எழுந்திருப்பது, எங்கே நிற்பது என்று காதில் கருவி மாட்டிய ஒரு பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர்களும் அப்படியே செய்தார்கள். மகள் அழகாக இருந்தாள். ஒருமுறை பக்கத்தில் வந்து அம்மாவின் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அன்று அவளோடு கிடைத்த நேரம்.

விருந்தின்போது அந்தக் கல்யாணக் கம்பெனிப் பெண் அவரைத் தேடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

"உங்க கேள்வியைத்தான் சார் உங்க சம்பந்தியும் கேட்டாரு. சதவீதமெல்லாம் கிடையாது, மொத்தமா இவ்வளவுதான்னு ஒரே பேச்சு. எங்க முதலாளியே அசந்துட்டாரு. பெரிய வியாபாரின்னா சும்மாவான்னாரு."

எதிர் மேசையில் சம்பந்தி கண்ணாடித் தம்ளரை உயர்த்திப் பிடித்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தான் கேட்டபோது இல்லாமை, அவர் கேட்டபோது சாமர்த்தியம். மாஸ்டருக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பொண்ணு என்ன சொன்னாள் என்று மனைவி கேட்டாள். சாப்பாடு பிடிச்சிருக்கான்னு கேட்டுச்சு என்றார்.

மகளும் மாப்பிள்ளையும் அப்படியே வேறு நாட்டில் குடியேறினார்கள். தனி விருந்து என்ற பேச்சு அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போய்க் கடைசியில் நின்றுவிட்டது. தம்பி சண்டை போடவில்லை. முதலில் வாரத்தில் இரண்டு நாள் வராமல் இருந்தான், பிறகு வேறொரு காண்ட்ராக்டரோடு சேர்ந்துகொண்டதாக ஆட்கள் மூலம் தெரிந்தது. சேர்த்த பணம் வங்கியில் அப்படியே கிடந்தது. எதற்கு என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆல்பத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி வாசலுக்கு வந்து, "அவரு வெளியே போயிருக்காரு மாமா" என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பெயிண்ட் தெறித்த தம்பியின் செருப்பு அவள் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவளும் குனிந்து அதைத்தான் பார்த்தாள்.

"வந்தா நான் வந்தேன்னு சொல்லும்மா" என்றார் மாஸ்டர், பையைக் கையில் பிடித்தபடி.