வார்மாத்தே திருப்பிய பீரங்கி

ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் எங்கள் ஓபியாமா ஊரில் வீரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. வெள்ளைக்காரக் கம்பெனியின் துறையைத் தாக்கிய அந்தக் காலைக்குப் பிறகு இன்னும் பெருகிவிட்டார்கள். எங்கள் குலத்தலைவர் இக்பானி வீட்டுப் போர்ப்படகில் துடுப்புப் போட நாற்பது பேருக்குத்தான் இடம். "நானும் அதில் இருந்தேன்" என்று சொல்லும் தாத்தாக்கள் அத்தனை பேரும் உண்மையிலேயே ஏறியிருந்தால் படகு எங்கள் துறையிலேயே மூழ்கியிருக்கும். அவர்களில் ஒருவர்கூட சுக்கான்காரர் வார்மாத்தேயைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால், "அவரா? படகைத் திருப்பிக்கிட்டிருந்தாரு" என்பார்கள்.

நான் நம்புவது அவர் மனைவி அலாயேரே சொன்னதைத்தான். அலாயேரே படகில் இல்லை. அதனால் வீரம் பேசவேண்டிய கட்டாயமும் இல்லை.

வார்மாத்தே பருத்த மனிதர். பேச்சு குறைவு, நடையில் அவசரமே இருக்காது. "தரையில இவரு ஒரு மூட்டை. தண்ணியில எறக்கினாத்தான் இவரையா கட்டிக்கிட்டோம்னு சந்தோஷமா இருக்கும்" என்பார் அலாயேரே.

எங்கள் சேற்றில் கிழங்கு விளையாது. மேலாற்றுச் சந்தைகளுக்கு உப்பும் துணியும் கொண்டுபோய், பனை எண்ணெயும் வள்ளிக்கிழங்கும் கொண்டுவருவதுதான் தலைமுறை தலைமுறையாக எங்கள் பிழைப்பு. பிறகு கம்பெனி வந்தது. தன் நாட்டு ராணியிடம் ஒரு காகிதம் வாங்கியிருந்தது. அதன்படி ஆறு கம்பெனிக்குச் சொந்தம், நாங்கள் அதில் வியாபாரம் செய்யக்கூடாத வெளிநாட்டவர். பிறந்த ஊரைவிட்டு ஓர் அடி நகராமலே வெளிநாட்டவரானவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். எங்கள் தலைவர்கள் நல்ல கையெழுத்தில் மனு மேல் மனுவாக எழுதினார்கள். கம்பெனி அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டது.

வார்மாத்தே மனு எழுதவில்லை. சின்ன ஓடைகள் வழியாக எண்ணெய் கடத்தினார். அவரைத் துரத்தக் கம்பெனி ஒரு சிறிய நீராவிப் படகு வைத்திருந்தது. முழங்கால் தண்ணீரிலும் அது ஓடும். கிளம்பும்போது புகைபோக்கி 'ஹச், ஹச்' என்பதால் அதற்குத் தும்மல்காரி என்று பெயர். ஒருநாள் அது வார்மாத்தேயின் படகை மோதிக் கவிழ்த்தது. அலாயேரேயின் தம்பி தண்ணீருக்கடியில் அலையாத்தி மர வேர்களுக்கிடையே மாட்டி மேலே வரவே இல்லை.

துறையைத் தாக்குவது என்று தலைவர்கள் முடிவெடுத்த அன்று, ஊரே முழங்கிக்கொண்டிருக்கும்போது அலாயேரே மட்டும் கணவரிடம் கணக்காகப் பேசினார்.

"அடிச்சிட்டு வந்துருவீங்க. அப்புறம் பெரிய போர்க்கப்பல் வரும். ஊரக் கொளுத்தும். கொளுத்தட்டும், வீடு திரும்பக் கட்டிக்கலாம். நாங்க பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடைக்குள்ள போயிருவோம். பெரிய கப்பல் அங்க வராது. தும்மல்காரி வருவா."

"ஆமா."

"என்ன ஆமா? அவ இருக்கிற வரைக்கும் ஓடையும் நமக்கு இல்ல. அவள முடிச்சிட்டு வாங்க. இல்லன்னா இங்கயே கெடங்க."

வார்மாத்தே தலையாட்டினார். அவர் கணக்கில் அது நீண்ட உரை.

எங்கள் போர்ப்படகில் பீரங்கியை முன்முனையில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது இடமும் திரும்பாது, வலமும் திரும்பாது. குறி பார்க்கவேண்டுமென்றால் படகையே திருப்பவேண்டும். திரி வைப்பவன் சொகாரி. புகழும் அவனுக்குத்தான். இன்னொன்றும் உண்டு: வெடிக்கும் அந்த நொடியில் நாற்பது பேரும் படகை முன்னே தள்ளும்படி துடுப்பை அழுத்தவேண்டும். இல்லாவிட்டால் பீரங்கி உதைக்கிற உதையில் படகு பம்பரமாகிவிடும். மருந்து மூன்று வேட்டுக்குத்தான் இருந்தது. அதனால் ஒத்திகையில் சொகாரி வாயாலேயே 'டும்' என்றான். நாற்பது பேரும் அருமையாகத் துடுப்புப் போட்டார்கள்.

விடியும்போது துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கை நீட்டினால் கை தெரியாத பனி. மற்ற படகுகள் கரையை நோக்கிப் போக, வெடிச்சத்தம் தொடங்கியது. கரையில் அன்று நடந்த எல்லாவற்றுக்கும் நாங்கள் பெருமைப்பட முடியாது. அது வேறு கதை. இக்பானி வீட்டுப் படகு மட்டும் ஒதுங்கி நின்றது.

"எங்க இருக்கா?" என்றான் சொகாரி.

"இரு. தும்முவா."

"தும்மினா கிளம்பிட்டான்னு அர்த்தம்ணே."

"ஆமா."

காத்திருந்தார்கள். 'ஹச்' என்றது. வார்மாத்தே சுக்கானை ஒரு சாண் சாய்த்தார். படகு திரும்பி முன்னேற, பனிக்குள்ளிருந்து கறுப்புப் புகைபோக்கி நேர் எதிரே வந்து நின்றது. சொகாரி திரி வைத்தான்.

இங்கேதான் எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத காரியம் நடந்தது. அடுத்தவர் துறையை நெருங்கும்போது துடுப்புகளைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிப்பது எங்கள் வழக்கம். நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறோம், இறங்கலாமா என்று பொருள். சண்டைக்காரச் சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் இந்த மரியாதை குறையாது. நடக்கப் பழகுமுன் பழகுவது அது. எதிரே துறை தெரிந்ததும் நாற்பது துடுப்புகளும் அழகாக, ஒரே சீராக, வானத்தைப் பார்த்து எழுந்தன.

பீரங்கி வெடித்தது. படகு பின்னால் பாய்ந்து இரண்டு சுற்றுச் சுற்றியது. குண்டு கம்பெனியின் கோழிக்கூண்டைப் பிரித்துப் போட்டது. அன்று முதலில் விடுதலை பெற்றவை கோழிகள்.

நடுவில் உட்கார்ந்திருந்த வீட்டுத் தலைவர் இக்பானி தொப்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். "யாருக்குடா மரியாத பண்றீங்க? எண்ணெய் வாங்க வந்தமாதிரி!"

"துடுப்ப எறக்குங்க. இன்னிக்கு நாம விருந்தாளி இல்ல" என்றார் வார்மாத்தே.

வெட்கத்தில் அடுத்த முறை முந்திக்கொண்டு அழுத்தினார்கள். முனை தாழ்ந்து, குண்டு தண்ணீரில் விழுந்தது. அதற்குள் பனி விலக, தும்மல்காரி துறையில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு அவர்களை நோக்கியே வந்தாள். மிச்சம் ஒரே வேட்டு.

"இப்ப வச்சிரட்டுமாண்ணே?"

"மூஞ்சியில அடிச்சா குண்டு வழுக்கிட்டுப் போயிரும். வயித்துல அடிக்கணும்."

சொல்லிவிட்டு வார்மாத்தே படகைத் திருப்பிக்கொண்டு ஓடத் தொடங்கினார். பீரங்கிப் படகு புறமுதுகு காட்டி ஓடுவதைப் பார்த்து மற்ற படகுக்காரர்கள் கத்திய கெட்ட வார்த்தைகளை அலாயேரே என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார். ஆற்றின் வளைவில் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. அதைச் சுற்றி வரவேண்டுமென்றால் நீராவிப் படகு பக்கவாட்டில் திரும்பித்தான் ஆகவேண்டும். வார்மாத்தேயின் படகு, சாண் தண்ணீரே ஓடிய அந்தத் திட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் இறங்கியதும் சுக்கானை முழுதாகச் சாய்த்தார். வற்றும் கடல் ஓதத்தின் இழுப்பு படகை நின்ற இடத்திலேயே திருப்பிவிட்டது. முப்பது அடியில், தன் முழு வயிற்றையும் காட்டிக்கொண்டு தும்மல்காரி.

"வை."

நாற்பது துடுப்புகளும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. கொதிகலன் பிளந்தது. வெள்ளை ஆவிக்குள்ளிருந்து மூன்று பேர் குதித்தார்கள். வார்மாத்தே சுக்கான் துடுப்பையே நீட்டி இருவரைத் திட்டின் மேல் ஏற்றிவிட்டார். மூன்றாமவர் கிடைக்கவில்லை. அதை அவர் அலாயேரேயிடம் மட்டும் ஒருமுறை சொன்னாராம்.

ஒரு மாதத்தில், அலாயேரே சொன்னபடியே போர்க்கப்பல் வந்தது. ஊரைக் கொளுத்தியது. ஓடை வாயில் வந்து, நுழைய முடியாமல் நின்றது. கோபத்தில் இரண்டு நாள் மரங்களைச் சுட்டது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

உள்ளே மீன்பிடிக் குடிசைகளில் ஊர் முழுக்க இருந்தது. சொகாரி பிள்ளைகளை உட்காரவைத்து, தான் எப்படிக் குறி பார்த்தான் என்று கைவீசிச் சொல்லிக்கொண்டிருந்தான். அலாயேரே சுட்ட மீனின் தலையைக் கணவர் முன் வைத்தார்.

"அவன் அளக்கிறதக் கேட்டீங்களா? நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சும்மா இரு. ஓடையக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்ன கேக்குது?"

தும்மல்காரி வழக்கமாக வரும் பக்கம் வார்மாத்தே காதைச் சாய்த்தார்.

"ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லிவிட்டு, மீன் தலையை எடுத்துத் தின்னத் தொடங்கினார்.