வெளிச்சத்துக்கு முன் பூசிய எண்ணெய்

விளக்கெண்ணெய் சூடேறும் கனத்த வாசம் எங்கிருந்து வந்தாலும் என் முழங்கைகள் விழித்துக்கொள்ளும். சொரியாசிஸ் முதலில் வந்தது அங்கேதான். பிறகு முதுகு, கால். சட்டையில், பாயில், தட்டோரத்தில் எல்லாம் செதில். ஒட்டுகிற நோயில்லை என்று யார் யாரிடம் சொல்வது? ஒருமுறை காரமடை பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் என் மடியைப் பார்த்துவிட்டு எழுந்தார். கோயமுத்தூர் வரை நின்றுகொண்டே வந்தார்.

அதிலிருந்து, ஒளி சிகிச்சைக்குக் கிளம்பும் காலைகளில் என் மனைவி விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கெட்டியாக அப்பிவிடுவாள். செதில் உதிராமல் படிந்து கிடக்கும். ஆஸ்பத்திரியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அலமாரி போன்ற பெட்டிக்குள் நிற்பேன். சுற்றிலும் குழல்விளக்குகள் ஊதாவாக எரியும். வாரங்கள் போயின. தோலில் மாற்றமே இல்லை.

ஒளிக்குக் கேட்கவில்லையென்றால் மாத்திரைதான் என்றார் டாக்டர். ஈரலைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை. மஞ்சள் காமாலையில் ஏற்கெனவே ஒருமுறை படுத்து எழுந்தவன் நான், பயந்துபோனேன். அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். என் முழங்கையைத் தொட்ட விரலை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பளபளத்தது.

“ஏனுங்க, இதைப் பூசிட்டா உள்ள போய் நிக்கறீங்க? மழைல நனையறக்குக் கொடை புடிச்சுட்டுப் போனாப்ல இருக்குதுங்க.”

மனைவியின் முகம் சுண்டிவிட்டது. “நாந்தானுங்க பூசிவுட்டேன். பஸ்ஸுல நாலு பேரு பாக்கறாங்களேன்னு.”

டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பூசியது தப்பில்லை, பூசிய நேரம்தான் தப்பு என்றார். கெட்டியாக எதைப் பூசினாலும் ஒளி உள்ளே இறங்காது. வெறும் தோலோடு பெட்டிக்குள் போக வேண்டும். வெளியே வந்தபின் வாசமில்லாத களிம்பைத் தாராளமாகப் பூசலாம், வீட்டிலும் குளித்த ஈரம் காய்வதற்குள். இனி வெறும் தோல் என்பதால் ஒளியின் அளவையும் குறைத்தார். மாத்திரையைப் பிறகு முடிவு செய்யலாம் என்றார்.

அப்புறம் செதிலோடுதான் பஸ் ஏறினேன். மனைவி என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வந்தாள். நான் பெட்டியிலிருந்து வந்ததும் திரைக்குப் பின்னால் களிம்போடு நிற்பாள். முதுகில் தோசையே ஊத்தலாம் போல என்று கேலி வேறு.

தடிப்பு மெல்லத் தணிந்தது. ஒருநாள் டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டாம், ஒளியையே தொடரலாம் என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது ‘வாரேன்’ என்று எங்கள் பக்கம் சொல்லமாட்டோம். தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவோம். என் மனைவி அதில் ரொம்பக் கண்டிப்பு. அன்று கதவருகில் நின்றாள், திரும்பினாள், வாய் நிறையச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை வாரோமுங்க, டாக்டரம்மா.”