சிவப்புக் காரும் செல்வராஜ் மிஷினும்

கார் கழுவுகிறவனிடம் எந்தக் குடும்பமும் ரகசியம் வைத்துக்கொள்ள முடியாது. எல்லாம் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

அறுபதுகளில் கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு கார் ஷெட்டில் நான் அந்த வேலை பார்த்தேன். சொந்த ஊர் கவுஞ்சி. பூண்டுக் காட்டில் குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று என்று டவுனுக்கு வந்தவன், இங்கே கார் சக்கரங்களுக்கு முன்னால் குனிந்தேன். கொடைக்கானல் தண்ணீரில் விடியற்காலை கையை விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாளியிலிருந்து கையை எடுத்ததும் விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும்.

துடைத்த ஈரம்

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டமும் டவுனில் வீடும் வைத்திருந்த ராமதுரை ஐயாவுக்கு ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டே சீட்டு, திறந்த கார், மழைக்கு மட்டும் இழுத்து மூடிக்கொள்ள ஒரு துணிக் கூரை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போனது. மற்றக் கார்களை நான் கழுவுவேன், இதைக் குளிப்பாட்ட வேண்டும். மேலிருந்து கீழே தண்ணீர் ஊற்றி மண் போன பிறகுதான் துணி படலாம். கூரைக்கு ஒரு துணி, கதவுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு. ஐயா குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்.

ஒருநாள் கழுவித் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி நிமிர்ந்தேன். ஏரியிலிருந்து மஞ்சுப் பனி ஏறி வந்து கார் முழுக்க முத்து முத்தாக உட்கார்ந்துவிட்டது. மறுபடி துடைத்தேன். மறுபடி வந்தது. மறுபடியும் துணியை எடுத்தபோது ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினார். நனைந்த சீட்டிலேயே ஏறி உட்கார்ந்து, காரைக் கிளப்பிக்கொண்டு சொன்னார்:

"விடு வேலு. ஈரமா இருந்தாலும் இது துடைச்ச ஈரம்."

பல் இல்லாத பிரஷ்

அந்தக் காரின் சக்கரம் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி கம்பியாக இருக்கும். கம்பிகளுக்கு நடுவில் என் விரல் நுழையாது. பல் விளக்கும் பிரஷ்தான் சரிப்பட்டது. ஆனால் ஒரு பிரஷ் ஒரு சக்கரத்தோடு சரி, மயிர் கொட்டிவிடும். ஆகவே கடைவீதி மளிகைக் கடையில் அடிக்கடி பிரஷ் வாங்குவேன். கடைக்கார அண்ணாச்சி கொஞ்ச நாள் பேசாமல் கொடுத்தார். பிறகு, "ஏலே, வீட்ல பெரிய குடும்பமோ?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அப்போது நான் அதே கடையில் எனக்குப் பல் விளக்க ஒரு பொட்டலம் கரித்தூளும் வாங்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பிரஷ்ஷைப் பார்த்தார், கரித்தூளைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார்.

"அடுத்த சென்மத்துல சக்கரமாப் பெறந்துரு, ராசா" என்றார்.

மிஷின் வந்தது

எங்கள் முதலாளியின் மச்சினர் செல்வராஜ் கொழும்பில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், கார் தானே உள்ளே போய்க் குளித்துவிட்டு வெளியே வருகிற படத்தைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி ஒன்றை எங்கள் ஷெட்டில் கட்டினார். இரும்புக் குழாயை வளைத்து வாசல் மாதிரி நிறுத்தி, உடம்பெல்லாம் ஓட்டை போட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டை அதில் மாட்டினார். இரண்டு பக்கமும் தென்னை நார் உருளைகள் சுற்றும். இனி எனக்கு இங்கே வேலை இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கவுஞ்சிக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வண்டியாக ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற லாரி வந்தது. டிரைவர் தைரியமாக உள்ளே விட்டார். தகரம் பளபளவென்று வெளியே வந்தது. பின்னால் மூட்டையில் இருந்த காரட்டும் மண் போய்ச் சிவந்து கிடந்தது. டிரைவர் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாளைக்கு முட்டைக்கோசு ஏத்திட்டு வாரேன். கூட்டுக்கு நறுக்கிக் குடுக்குமா?" என்றார்.

சந்தனம்

அடுத்து வந்தது மதுரைக் குடும்பம். பழனியில் மொட்டை போட்டுவிட்டு, அப்படியே குளிருக்கு மலையேறி வந்தவர்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள் என்று செல்வராஜ் கத்தினார். பம்புசெட் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கார் வெளியே வந்தபோது பின் சீட்டில் பெரியவர் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலையில் பூசியிருந்த சந்தனம் வழிந்து, மூக்கு வழியாகச் சட்டைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிக்கொள்ளவில்லை. மெதுவாகத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்:

"சந்தனம் போனாப் போகுது. மொட்டையாச்சும் இருக்கான்னு பாரு."

கமலம் அம்மா

இனி சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளுங்கள். ராமதுரை ஐயாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டார். அவர் திரும்பி வருகிற அன்று, மாலை ரயிலுக்குக் கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து அவரை அழைத்துவர அவர் மனைவி கமலம் அம்மாவே சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தக் காலத்தில் அந்த மலைச் சாலையில் கார் ஓட்டிய பெண்கள் அபூர்வம். கண் தெளிந்து அவர் பார்க்கும்போது கார் மின்ன வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வெரசாக வேண்டும் என்றார். நான் கழுவினால் அரை நாள் ஆகும். செல்வராஜ், "அஞ்சே நிமிஷம்மா" என்றார்.

துணிக் கூரையை இழுத்து மூடிக்கொண்டு அம்மா உள்ளே போனார். நார் உருளை கூரையைக் கவ்வியது. சர்ரென்று கிழிகிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது. வந்தபோது அம்மா தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். காருக்குள் கணுக்காலளவு தண்ணீர். இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. அம்மா டிபன் கேரியர் மூடியால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். நானும் செல்வராஜும் இஞ்சின் ஒயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தோம். கடைசியில் வண்டி கிளம்பியது.

ஷெட்டிலிருந்து ஏரிச் சாலைக்கு ஒரே இறக்கம். கொஞ்ச தூரம் போனதும் கார் வேகம் பிடித்தது, பிரேக் பிடிக்கவில்லை. நான் "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கீழே சாலை, அதற்கும் கீழே ஏரி. அம்மா ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். கார் மண்மேட்டில் ஏறி, பெரணிச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் கை இன்னும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"பிரேக்குல தண்ணி. மெள்ள மிதிச்சுக்கிட்டே போனாக் காஞ்சுரும்" என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், "தனியாப் போகப் பயமா இருக்கு வேலு. ஏறு" என்றார். வருஷக்கணக்காகக் கழுவிய காரில் நான் ஏறியது அன்றுதான். சீட்டு சொதசொதவென்று இருந்தது. பெருமாள்மலை தாண்டுகிறவரை நான் மூச்சை விடவில்லை.

ஸ்டேஷனில் ஐயா கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். கிழிந்த கூரை காற்றில் படபடத்தது. பெரணிக் கொத்து ஒன்று காரின் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவிடம் வந்து, கோட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார். "ஏன் இப்படி நடுங்குற?" என்று கேட்டார். "ஐயா, காரு..." என்று நான் இழுத்தேன்.

"காரை அப்புறம் பாத்துக்கலாம் வேலு. அது எங்க ஓடிரப் போகுது?"

கமலம் அம்மா கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஓடுச்சுங்க. அதான் கதையே."

காரில் இரண்டே சீட்டு, நான் பஸ்ஸில் திரும்பினேன். அதன்பிறகு மிஷின் லாரிக்கு, வேலு காருக்கு என்று முதலாளி தீர்த்துவிட்டார். செல்வராஜுக்கு வருத்தம்தான். ஆனாலும் மழைக்காலத்தில் வெந்நீர் போட்டு என் வாளிக்குக் கொண்டுவந்து ஊற்றியவர் அவர்தான். மிஷின் அஞ்சு நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு நான் அரை நாள் எடுத்துக்கொண்டேன் என்பது உண்மை. ஆனால் அத்தனை வருஷத்தில் என் கையால் நனைந்த ஒரே மனுஷன் நான்தான்.