சபைக்குப் பொறுப்பானவள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்னச் சபை. அதன் பாஸ்ரர் வலன்ரைன், கோட்டைப் பகுதியில் பெரிய குண்டு வெடித்த வருஷம், நோர்வேயில் மகாநாடு என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

மூப்பர்கள் மூன்று பேரும் கூடிக் கதைத்தார்கள். தமிழ் ஆம்பிளை ஒருவன் ஒரு மேல்மாடியில் இத்தனை தமிழரைக் கூட்டி வைத்திருந்தால், பொலிஸ் முதலில் அவன் கழுத்தில்தான் கை வைக்கும். அதை மூவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பியூலாவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்கள்.

பியூலாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. புறக்கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் ரைப்பிஸ்ற். கலியாணம் கட்டவில்லை. பெண்ணானவள் சபையில் வாய் திறக்கலாமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அவள் வாய் திறந்தாள். நல்ல கணீரென்ற குரல். பிந்தி வருகிறவர்களைப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். அவர்கள் கூனிக்குறுகி உட்காருவார்கள். திருவிருந்து கொடுத்தாள். செத்தவர்களை அடக்கம் பண்ணினாள். முகத்துவாரத்துக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் கொடுத்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

சுற்றிவளைப்பில் ஆட்களைப் பிடித்த மறுநாள்களில் அவள் கந்தோர் வேலைக்குப் போவதில்லை. பொலிஸ் நிலைய மர வாங்கில் போய் இருப்பாள். "இவர் எங்கட சபை ஆள், நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரை வெளியே எடுத்தாள். அப்படி எடுத்தவர்களில் ஒருவன் வின்சன்ற். வெளிநாடு போவதற்கென்று மன்னாரிலிருந்து வந்து லொட்ஜில் பிடிபட்டவன். வெளியே வந்தபோது நடக்க முடியவில்லை. பியூலாதான் அவனைத் தோளில் தாங்கி ஓட்டோவில் ஏற்றினாள். சபையின் பின்னறையில் படுக்கவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்து, எழும்பி நடந்த பிறகு வேதம் படிப்பித்தாள்.

அவனுக்குப் பேச நல்ல நாக்கு. வெளிநாட்டு மிஷன் ஒன்று அவனைப் படிக்க இந்தியாவுக்கு அனுப்பியது. சமாதான ஒப்பந்தம் வந்து வீதித் தடைகள் எல்லாம் கழன்ற காலத்தில், பாஸ்ரர் பட்டமும் கோட்டும் மனைவியுமாக வந்து இறங்கினான். பயம் போன இடத்தில் மூப்பர்களுக்கும் வேத அறிவு வந்திருந்தது.

"அக்கா, நீங்க எனக்கு அம்மா மாதிரி" என்றான் வின்சன்ற். "ஆனா ஆம்பிளைக்கு மேல பொம்பிளை நிண்டு போதிக்கிறது வேதத்துக்கு விரோதம். மிஷனும் அதைத்தான் கேக்குது. நீங்க சபைக்கு முன்னால ஒருக்கா மன்னிப்புக் கேட்டா விசயம் முடிஞ்சுது."

பியூலா கேட்டாள். தன் கணீர்க் குரலிலேயே கேட்டாள். கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. "நான் ஆம்பிளையளின்ர இடத்தில நிண்டுட்டன். மன்னியுங்கோ." மூப்பர் ஒருவர் "ஆமென்" என்றார்.

அதோடு முடியவில்லை. பெண் கையால் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, எல்லோரும் திருப்பி எடுக்க வேணும் என்றான் வின்சன்ற். அதே முகத்துவாரத்துக் கடலில் வரிசையாக இறங்கினார்கள். கரையில் நின்று துவாய் கொடுக்கிற வேலையைப் பியூலாவுக்குக் கொடுத்தார்கள். தான் முக்கி எடுத்தவர்கள் ஈரத்தோடு வந்து, முகத்தைப் பாராமல் கையை நீட்டினார்கள்.

கௌரி என்ற விதவை மட்டும் மணலில் நின்றுகொண்டாள். "என்ர மனுசனை அடக்கம் பண்ணினதும் அக்காதானே. அவரையும் தோண்டித் திருப்பிப் புதைக்கிறதோ, பாஸ்ரர்?"

யாரோ சிரித்தார்கள். "செத்தவையை ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்" என்றான் வின்சன்ற்.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. கொழும்பில் ஆட்களைத் தூக்கிப் போகும் வெள்ளை வான்கள் ஓடின. ஒரு ஞாயிறு, பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது பூட்ஸ் சத்தத்தோடு பொலிஸ் மேலே ஏறி வந்தது. முந்தின நாள் கைதான ஒருவன் இந்தச் சபைக்குப் போய் வந்தவனாம்.

"மெதென பாரகாரயா கவுத?" இங்கே பொறுப்பானவர் யாரென்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வின்சன்ற் மேடையில் நின்றான். கோட்டுப் போட்டிருந்தான், கையில் மைக் இருந்தது. அந்த மைக்கைப் பிடித்த கையாலேயே பியூலா இருந்த கடைசி வாங்கைக் காட்டினான். "அந்த அக்காதான் சேர். கனகாலமா அவதான் எல்லாம்."

மூப்பர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். இல்லை என்று பியூலா சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தபோது அவளுக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. இத்தனை பேருக்கு முன்னால் மறுபடி அவளைப் பொறுப்பானவள் என்று ஒருவன் சொல்லிவிட்டான். வெட்கங்கெட்ட சந்தோசம். அது அடங்க முதலே எழும்பி நின்றுவிட்டாள். "மம தமா, மஹத்தயா." நான்தான், ஐயா.

மாதக்கணக்காகத் தடுத்து வைத்திருந்தார்கள். கேட்ட கேள்விகளுக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. இடது காதில் விழுந்த அடிகளோடு அந்தப் பக்கம் கேட்காமல் போனது. கௌரி மட்டும் சவர்க்காரமும் சீப்பும் கொண்டு ஒருமுறை வந்தாள். வாசலில் அவளுடைய அடையாள அட்டையைப் பதிந்து வெருட்டி அனுப்பினார்கள். சபையிலிருந்து வேறு யாரும் வரவில்லை. கப்பல் கொம்பனி பியூலாவின் கதிரைக்கு வேறொருத்தியை எடுத்துவிட்டது.

வழக்கில்லாமல் வெளியே விட்டபோது, சபை வெள்ளவத்தையில் பெரிய ஹோலுக்கு மாறியிருந்தது. முதல் ஞாயிறே போனாள். "எங்கட ஜெபத்தைக் கேட்டு ஆண்டவர் ஒரு சகோதரியை விடுவிச்சிருக்கிறார்" என்று வின்சன்ற் சொன்னான். கை தட்டினார்கள். சாட்சி சொல்ல அவள் எழும்ப, இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். எல்லாம் முடிந்த பிறகு படியடிக்கு வந்து அவளுடைய வலது காதுக்குக் கிட்டக் குனிந்தான்.

"அக்கா, பொலிஸில உங்கட பேர்தானே சபைக்குத் தலைமை எண்டு கிடக்கு. நீங்க வந்து போனா எங்களுக்குக் கரைச்சல். கொஞ்சக் காலம் வராம இருங்கோ."

பியூலா அவனை நன்றாகப் பார்த்தாள். "அண்டைக்கு ஏன் என்னைக் காட்டினனீ?"

அவன் யோசிக்கவேயில்லை. "ஆரையாவது காட்டத்தானே வேணும் அக்கா. நீங்க எண்டாப் பொறுப்பீங்க எண்டு நினைச்சன்."

பியூலா வீதியைக் கடந்து பஸ் ஏறிப் போனாள். பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. கௌரி வீட்டில் ஓர் அறை எடுத்து, பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்த்தாள். ஜெபம் பண்ணுகிறனீங்களோ என்று கௌரி ஒருநாள் கேட்டபோது, "பண்ணினாலும் எனக்கு இப்ப ஒரு காதுதானே கேக்குது" என்றாள். கௌரி சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.